ஆறு படி அரிசிக்கு எவ்வளவு உளுந்து? ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விகிதசமக் கணக்கு

இந்த ஆய்வு ஒரே ஒரு மாணவியைப் பற்றியது. வயது 12, ஏழாம் வகுப்பு. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் படிக்கிறாள். நான் அவளுடைய கணக்கு ஆசிரியர். அவளுடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சித்தூர் தாலுகாவின் இந்தக் கோடியில் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எந்தச் சாவடியைத் தாண்டினாலும் தமிழ்நாடு. எங்கு பார்த்தாலும் தென்னந்தோப்பு. வீட்டில் தமிழ், பஸ் ஸ்டாண்டில் மலையாளம். பாடத்திட்டம் கேரளத்துடையது, புத்தகம் தமிழில் அச்சாகி வரும். நான் ‘விகிதம்’ என்று சொல்வதை மலையாள வழி வகுப்பில் ‘அம்சபந்தம்’ என்பார்கள். விகிதசமம், அதாவது இரண்டு விகிதங்கள் சமமாக இருப்பது, அங்கே ‘அனுபாதம்’. அண்ணன் மலையாள வழியிலும் தங்கை தமிழ் வழியிலும் படிக்கிற வீடுகள் நிறைய. இவள் வீடும் அப்படித்தான். அப்பா தோப்புகளில் தேங்காய் உரிக்கப் போகிறார். அம்மா சாயங்காலம் ரோட்டோரம் இட்லிக்கடை போடுகிறார். அரிசி ஊற வைப்பது, மாவு ஆட்டுவது எல்லாம் இவள் பொறுப்பு. இந்தக் கடைசித் தகவல் எனக்கு ஆரம்பத்தில் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

முதல் தாள்

பாடம் தொடங்கும் முன்பே மூன்று கணக்கு கொடுத்தேன். சொல்லித் தராத நிலையில் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக.

ஒன்று: 5 தேங்காய் 90 ரூபாய் என்றால் 8 தேங்காய் எவ்வளவு? இரண்டு: 2 செ.மீ. அகலமும் 3 செ.மீ. உயரமும் உள்ள படத்தை அப்படியே பெரிதாக்குகிறோம். அகலம் 6 செ.மீ. ஆனால் உயரம் எவ்வளவு? மூன்று: 3 லிட்டர் வெள்ளைப் பெயிண்டுக்கு 5 லிட்டர் நீலம் கலந்தால் ஒரு நிறம் வருகிறது. 9 லிட்டர் வெள்ளைக்கு அதே நிறம் வர எவ்வளவு நீலம் வேண்டும்?

இவள் முதல் கணக்குக்கு 144 என்று சரியாக எழுதியிருந்தாள். ஒரு காய் 18 ரூபாய், எட்டுக்கு 144. இரண்டாவதற்கு 7. மூன்றாவதற்கு 11. சரியான விடைகள் 9, 15. வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இதே தவறைத்தான் செய்திருந்தார்கள்.

பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். “ஏழு எப்படிக் கண்ணு வந்துச்சு?”

“ரெண்டு ஆறாச்சுங்க சார். நாலு கூடியிருக்கு. அப்ப மூணோடவும் நாலு கூட்டணும்.”

மூன்றாவதிலும் அதே விளக்கம். மூன்று ஒன்பதானால் ஆறு கூடியிருக்கிறது, ஐந்தும் ஆறும் பதினொன்று. இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்க முடியாது. ஒரு விதியை வைத்துக்கொண்டு, அதை இரண்டு கணக்கிலும் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்குக் கைகொடுத்த விதி அது. ‘மாறியிருக்கிறது’ என்றாலே ‘எவ்வளவு கூடியது’ என்றுதான் பார்ப்பாள்.

உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் கார்ப்ளஸ் என்ற ஆய்வாளர் குட்டை மனிதர், நெட்டை மனிதர் என்று ஒரு கணக்கு வைத்தார். குட்டையானவரின் உயரம் ஓர் அளவால் அளந்தால் 4, இன்னோர் அளவால் அளந்தால் 6. நெட்டையானவர் முதல் அளவால் 6 என்றால் இரண்டாவதால் எவ்வளவு? விடை 9. ஏராளமான பிள்ளைகள் சொன்னது 8. இங்கிலாந்தில் 1970-களில் கேத்லீன் ஹார்ட் பார்த்ததும் இதே கூட்டல் வழிதான். படத்தைப் பெரிதாக்கும் கணக்கில்தான் அது அதிகமாகத் தலைகாட்டும் என்பதும் அவர் கண்டது. இவள் செய்தது அசாதாரணமானது இல்லை என்று தெரிந்தபோது எனக்குத் தெம்பு வந்தது. தெரிந்த தவறு என்றால் அதற்கு வழியும் இருக்கும்.

என்னை உறுத்தியது வேறு. தேங்காய்க் கணக்கில் பெருக்கத் தெரிந்தவள் பெயிண்டில் ஏன் கூட்டினாள்? விலை என்றால் ‘ஒரு காய் என்ன விலை’ என்ற கேள்வி தானாக வருகிறது. தினமும் கடையில் கேட்கிற கேள்வி. ‘ஒரு லிட்டர் வெள்ளைக்கு எவ்வளவு நீலம்’ என்று யாரும் கேட்டுப் பழகவில்லை.

நான் செய்த தவறு

அப்போது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். பருவம் முடிவதற்குள் பாடத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் குறுக்குப் பெருக்கலுக்குப் போய்விட்டேன். கோடி உறுப்புகளின் பெருக்கற்பலன் நடு உறுப்புகளின் பெருக்கற்பலனுக்குச் சமம். 3 : 5 = 9 : x. மூன்று x சமம் 45. x சமம் 15. பலகையில் நாலு கணக்கு போட்டேன், நோட்டில் பத்துக் கணக்கு போட்டார்கள். இவளுக்குப் பத்தும் சரி. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் இந்தக் கணக்கைக் கொடுத்தேன்: 6 பேர் ஒரு லோடு தேங்காயை 4 மணி நேரத்தில் உரிக்கிறார்கள். அதே லோடை 8 பேர் எவ்வளவு நேரத்தில் உரிப்பார்கள்?

அழகாக எழுதியிருந்தாள். 6 : 4 = 8 : x. ஆறு x சமம் 32. விடை ஐந்தே மூன்றில் ஒரு மணி நேரம்.

அப்பா தேங்காய் உரிக்கிற வீட்டுப் பிள்ளை. ஆள் கூடினால் சீக்கிரம் முடியும் என்பது அவளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதே இல்லை. “ரெண்டு ஆள் கூட வந்தா அப்பா வீட்டுக்கு நேரத்தோட வருவாரா, லேட்டா வருவாரா?” என்று கேட்டேன். “நேரத்தோட வந்துருவாருங்க” என்று சொல்லிவிட்டுத் தன் நோட்டைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. தவறு என்று தெரிந்துவிட்டது, எங்கே என்று தெரியவில்லை. எல்லாப் படியும் நான் சொன்ன மாதிரியே இருந்தது.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இது. குறுக்குப் பெருக்கல் சரியான முறைதான். ஆனால் நடுவில் வரும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. 3 லிட்டர் வெள்ளையையும் 15 லிட்டர் நீலத்தையும் பெருக்கினால் வரும் 45 எதைக் குறிக்கிறது? ஒன்றையும் இல்லை. அதனால் வழி தவறினால் பிள்ளை எங்கே தவறியது என்று தானே கண்டுபிடிக்க முடியாது. கலவைக் கணக்கில் அர்த்தம் இருப்பது வகுத்தலில்: ஒரு லிட்டருக்கு இவ்வளவு. உரிப்புக் கணக்கிலோ நேர் எதிர். 6 பேர், 4 மணி நேரம், பெருக்கினால் 24. ஒரே ஆள் தனியாக உரித்தால் 24 மணி நேர வேலை. அது மாறாது. 8 பேருக்குப் பிரித்தால் 3 மணி. எதை வகுத்தால் பொருள் வருகிறது, எதைப் பெருக்கினால் பொருள் வருகிறது என்பதில்தான் நேர் விகிதமும் எதிர் விகிதமும் பிரிகின்றன. அந்த இடத்தையே நான் குறுக்குக் கோடு போட்டு மூடிவிட்டேன்.

நம் நாட்டுக் கணிதத்தில் இந்த எச்சரிக்கை பழைய காலத்திலேயே இருந்தது. மூன்று தெரிந்த அளவிலிருந்து நான்காவதைக் காணும் திரைராசிகத்தை ஆரியபட்டர் 499-இல் தந்தார். 628-இல் பிரம்மகுப்தர் அந்த மூன்றுக்கும் பிரமாணம், பலம், இச்சை என்று பெயர் சொல்லி, முதலும் கடைசியும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்றார். எதிர் விகிதத்துக்கு ‘வியஸ்த திரைராசிகம்’ என்று தனிப் பெயரே உண்டு. எண்ணை வைக்கும் முன் எது எந்த வகை என்று கேள் என்பதுதான் அதன் பொருள். நான் வகுப்பில் விட்டுவிட்டது அந்தக் கேள்வியைத்தான்.

இட்லி மாவு

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில்தான் இட்லிக்கடை விவரம் தெரிந்தது. கை விரலில் மாவு காய்ந்திருந்தது. கேட்டேன், சொன்னாள்.

“எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு உளுந்து போடுவீங்க?”

“நாலு படிக்கு ஒரு படிங்க சார்.”

“ஆறு படி அரிசி போட்டா?”

“ஒன்றரை.” யோசிக்கவே இல்லை.

“ஏன், மூணு படி இல்லையா? அரிசி ரெண்டு படி கூடியிருக்கே. உளுந்தும் ரெண்டு கூட்டணும்ல?”

சிரித்துவிட்டாள். “மூணு படி போட்டா மாவு கொழகொழன்னு போயிருமுங்க சார். இட்லி எப்படி வரும்? நாலுக்கு ஒன்னு, ரெண்டுக்கு அரை. மொத்தம் ஒன்றரை.”

பெயிண்டில் எதைச் செய்தாளோ, அதையே மாவில் அபத்தம் என்று சிரிக்கிறாள். இரண்டும் ஒரே கணக்கு என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. பெருக்கல் உறவு அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தாளில் கொண்டுவர வழி காட்டினால் போதும்.

1985-இல் வெளியான ஓர் ஆய்வு அப்போது நினைவுக்கு வந்தது. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்யும் 5 பிள்ளைகளை டெரசின்யா கரேர் குழு கவனித்தது. அவர்களில் ஒரு 12 வயதுப் பையன் விற்றது தேங்காய். ஒன்று 35 குருசேரோ. பத்துக் காய் கேட்டபோது அவன் 35-ஐப் பத்தால் பெருக்கவில்லை. மூன்று 105, இன்னொரு மூன்று சேர்ந்து 210, இன்னும் நாலு வேண்டும், 315, 350 என்று கட்டிக் கட்டி விடைக்கு வந்தான். அந்தப் பிள்ளைகள் தெருவில் 98 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்கைப் பள்ளிக் கணக்காக, வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. என் மாணவி மாவுக்குச் செய்ததும் இதே கட்டிக் கட்டிப் போகும் வழிதான்.

இரண்டு வரிசை

குறுக்குப் பெருக்கலை மூடி வைத்துவிட்டு இரண்டு வரிசை அட்டவணைக்கு வந்தேன். மேல் வரிசைக்கு ஒரு பெயர், கீழ் வரிசைக்கு ஒரு பெயர். பெயர் எழுதாமல் எண் எழுதக் கூடாது. இது ஒன்றுதான் நிபந்தனை.

அதிரசத்தில் ஆரம்பித்தோம். 4 டம்ளர் மாவுக்கு 3 டம்ளர் வெல்லம். 10 டம்ளர் மாவுக்கு? மேலே ‘மாவு’, கீழே ‘வெல்லம்’ என்று எழுதினாள். 4-க்குக் கீழே 3. பக்கத்தில் 8, கீழே 6. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு 4-க்குத் திரும்பிப் போய்ப் பாதியாக்கினாள்: 2, கீழே ஒன்றரை. எட்டும் இரண்டும் பத்து, ஆறும் ஒன்றரையும் ஏழரை. கட்டத்துக்குள் 10, அதன் கீழே 7½.

இங்கேயும் கூட்டல் இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அவள் கூட்டியது ஜோடியை ஜோடியோடு. 2 டம்ளர் மாவோடு அதற்குரிய ஒன்றரை வெல்லமும் சேர்ந்தே வந்தது. முன்னே செய்த மாதிரி இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டவில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி, மேலிருந்து கீழே பார்ப்பது. “பக்கவாட்டில் போகாம நேரா கீழே பாரு. நாலுக்கு மூணு, எட்டுக்கு ஆறு, ரெண்டுக்கு ஒன்றரை. என்ன தெரியுது?” இதற்கு இரண்டு நாள் ஆனது. நான் சொல்லிவிடலாம் என்று பல முறை வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டாம் நாள் சொன்னாள்: “எல்லாமே முக்கால்வாசிங்க சார்.”

இந்த இடத்தில் தமிழ் கைகொடுத்ததை நான் சொல்லியே ஆக வேண்டும். கால், அரை, முக்கால், அரைக்கால், வீசம் என்று பின்னங்களுக்குப் பெயர் வைத்திருக்கிற மொழி நம்முடையது. ‘மூன்றின் கீழ் நான்கு’ என்றால் பிள்ளைக்கு அது இரண்டு எண். ‘முக்கால்’ என்றால் ஒரே எண், ஒரே அளவு. ‘மாவுல முக்கால் வெல்லம்’ என்று வாயால் சொன்னபோதே விகிதம் அவள் கைக்கு வந்துவிட்டது. எத்தனை டம்ளர் மாவு கேட்டாலும் முக்கால் போட்டுச் சொன்னாள். 14-க்குப் பத்தரை. 7-க்கு ஐந்தேகால். ஜெரார்ட் வெர்னோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் விகிதசமத்தில் இந்த இரண்டு வழிகளையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்: ஒரே அளவுக்குள் மடங்கு பார்ப்பது ஒன்று, ஓர் அளவிலிருந்து மற்றதற்குத் தாண்டுவது மற்றொன்று. பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலாவது எளிது. இரண்டாவது வந்தால்தான் பின்னால் சதவீதம், வேகம், கோட்டின் சாய்வு எல்லாம் பிடிபடும் என்பது என் அனுபவம்.

படத்தைப் பெரிதாக்கும் கணக்கு மட்டும் பிடிவாதமாக நின்றது. மாவு மாதிரி அதைத் தொட்டுப் பார்க்க முடியாதே. கட்டம் போட்ட தாளில் 2-க்கு 3 செவ்வகம் ஒன்று வரையச் சொன்னேன். அதே மூலையில் தொடங்கி, அவளுடைய 6-க்கு 7 ஒன்று, 6-க்கு 9 ஒன்று. சின்னதன் மூலைவிட்டத்தை ஸ்கேல் வைத்து நீட்டினாள். கோடு 6-க்கு 9-இன் மூலையில் போய் முட்டியது. 6-க்கு 7-இல் மேல் விளிம்பை வெட்டிக்கொண்டு, மூலையை விட்டு விலகி வெளியே போனது.

அதோடு விடவில்லை. “உன் விதிப்படியே அகலத்தில் நூறு கூட்டு” என்றேன். 102, 103. “இது எப்படி இருக்கும்?” “சதுரம் மாதிரி ஆயிருச்சுங்களே!” சரி, குறைத்துக்கொண்டே போனால்? அகலம் 1, உயரம் 2. அகலம் 0, உயரம் 1. அகலமே இல்லாத படத்துக்கு ஒரு செ.மீ. உயரம். தாளை உற்றுப் பார்த்துவிட்டு அந்த விதியை அவளே கோடு போட்டு அடித்தாள். எத்தனையோ முறை நான் ‘தவறு’ என்று சிவப்பு மையில் எழுதியும் போகாத விதி.

எது விகிதசமம், எது இல்லை

இனி எதிர்ப் பக்க ஆபத்து. பெருக்கல் வந்துவிட்டால் பிள்ளைகள் எல்லாவற்றையும் பெருக்குவார்கள். பெரியவர்களும் அப்படித்தான். இரண்டு பேர் ஒரே வேகத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார்கள், ஒருத்தி முன்பே தொடங்கிவிட்டாள். அவள் 9 சுற்று முடித்தபோது மற்றவள் 3 சுற்று. மற்றவள் 15 முடிக்கும்போது முதலாமவள் எத்தனை? அமெரிக்காவில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த 33 பேரிடம் இதைக் கொடுத்தபோது 32 பேர் விகிதசமம் போட்டு 45 என்றார்கள். சரியான விடை 21. வேகம் ஒன்றுதான், ஆறு சுற்று இடைவெளி மாறாது. இங்கே கூட்டல்தான் சரி. இந்தக் கணக்கை முதலில் பார்த்தபோது நானும் 45 என்றே எழுதினேன்.

ஆகவே ஒரு வாரம் முழுக்க விடையே கேட்கவில்லை. அட்டையில் ஒவ்வொரு நிலைமையாக எழுதிக் கொடுத்து, பிரித்து வைக்கச் சொன்னேன். பெரும்பாலும் எங்கள் ஊர் விஷயங்கள். 500 தேங்காய் களத்தில் கொப்பரையாகக் காய 6 நாள் ஆகிறது, பக்கத்திலேயே இன்னொரு 500-ஐப் பரப்பினால் எத்தனை நாள்? அதே 6 நாள்தான். கேரள பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், தூரம் இரட்டிப்பானால் கட்டணமும் இரட்டிப்பா? இல்லை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி.; மழை இரண்டு மடங்கு பெய்தால் அந்த எண் இரண்டு மடங்காகுமா? ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த 7.25 காதில் விழுந்து பழகிய எண், அதனால் அட்டைக்கு உயிர் வந்தது.

அட்டைகளைச் சோதிக்க அவளே ஒரு கேள்வி வைத்துக்கொண்டாள். “இது இல்லேன்னா அதுவும் இல்லையா சார்?” அரிசி பூஜ்யம் என்றால் உளுந்தும் பூஜ்யம். பின்னால் தொடங்கியவள் ஓடிய சுற்று பூஜ்யம் என்றாலும் முன்பே தொடங்கியவள் 6 சுற்று ஓடியிருப்பாள். படத்தின் பூஜ்ய அகலத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்ட கேள்வி அது, நான் கற்றுக்கொடுக்கவில்லை. இதோடு ‘இது ரெண்டு மடங்கானா அது என்ன ஆகும்’ என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டோம். உரிப்புக் கணக்கு அந்தக் கேள்வியில்தான் பிடிபட்டது. ஆள் இரண்டு மடங்கானால் நேரம் பாதி.

இதற்கெல்லாம் பிறகுதான் குறுக்குப் பெருக்கலைத் திரும்ப எடுத்தேன். 7 : 12 = 31 : x மாதிரி எண் முரண்டு பிடிக்கும்போது அதுதான் வசதி. அதை வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. கடைசியில் வர வேண்டியதை முதலில் கொண்டுவந்ததுதான் என் பிழை.

கடைசித் தாள்

பருவ முடிவில் எட்டுக் கணக்கு கொடுத்தேன். நேர் விகிதம், எதிர் விகிதம், மாறாதது, கூட்டல் எல்லாம் கலந்து. இவளுக்கு ஏழு சரி. ஒவ்வொரு கணக்கின் ஓரத்திலும் சின்னதாக இரண்டு வரிசையும் பெயரும் இருந்தன. சுற்று ஓடும் கணக்கில் பெயர் எழுதி, எண் எழுதி, பிறகு அட்டவணையை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘6 மாறாது’ என்று எழுதியிருந்தாள். அண்ணனுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தாளாம். அவன் ‘அனுபாதம்’ என்று சொல்ல, இவள் ‘விகிதசமம்’ என்று சொல்ல, அட்டவணை ஒன்றுதான் என்று இருவரும் கண்டுகொண்டார்கள் என்று அம்மா சொன்னார்.

தவறிய எட்டாவது கணக்கு இது: பக்கம் 4 அடி உள்ள சதுரப் பலகைக்கு 1 லிட்டர் பெயிண்ட் வேண்டும். பக்கம் 8 அடி உள்ள சதுரப் பலகைக்கு? மேலே ‘பக்கம்’, கீழே ‘பெயிண்ட்’, 4-க்குக் கீழே 1, 8-க்குக் கீழே 2. பூஜ்யம் கேள்வியிலும் அது தப்பித்துவிடுகிறது: பக்கம் இல்லையென்றால் பெயிண்டும் இல்லைதானே. அவள் கேட்டது சரியான கேள்விதான், இந்தக் கணக்குக்கு அது போதவில்லை. பெயிண்ட் பக்கத்தைத் தொடர்ந்து போகவில்லை, பரப்பைத் தொடர்ந்து போகிறது என்பதை அவள் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.